பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஆர்.சி.யைப் படியுங்கள்

சத்தியமங்கலம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். வாழை, மஞ்சள், கொஞ்சம் மல்லிகை. பூவை விடிவதற்குள் மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும், வாழைத்தாரை வெட்டிய அன்றே மண்டியில் இறக்க வேண்டும், வரும்போது தவிடும் புண்ணாக்கும் ஏற்றி வர வேண்டும். மற்ற நேரத்தில் பிள்ளையைப் பள்ளியில் விடவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் அதே வண்டிதான். கார் ஒன்று, லோடு வண்டி ஒன்று என்று இரண்டு வாங்க வசதி இல்லாததால் பழைய டீசல் பிக்கப் ஒன்றைத் தேடினோம்.

2023 ஆடியில் 4,60,000 ரூபாய்க்கு ஒன்று அமைந்தது. ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், விலையைக் குறைத்துப் பேசலாம் என்று அந்த மாதமே எடுத்தோம். ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று, என் பெயருக்கு வந்தபோது கார்த்திகை தீபமே முடிந்துவிட்டது. நடுவில் எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, தேதி தாண்டிப் போய், புளியமரத்தடியில் வண்டி சும்மா நின்றது. நகைக்கடனுக்கு வட்டி ஓடியது. தார் ஏற்ற வாடகை வண்டி பிடித்தேன்.

எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. விற்றவர் பெயர் ஆர்.சி.யில் இல்லை, அதுதான் சிக்கல். முதல் ஓனரிடம் வாங்கி, பெயர் மாற்றாமலே மூன்று வருடம் ஓட்டியிருந்தார். முதல் ஓனர் வாங்கிய கடன் எப்போதோ அடைந்துவிட்டது, ஆனால் கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் ஆர்.சி.யில் அப்படியே இருந்தது. இதையெல்லாம் பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

1. எவ்வளவு எடை ஏற்றுவீர்கள் என்று கணக்குப் போடுங்கள்

வண்டியின் பெயரை முடிவு செய்யும் முன் உங்கள் லோடை முடிவு செய்யுங்கள். ஒரு தார் 12 கிலோ என்று வைத்தாலும் 100 தார் 1,200 கிலோ. முக்கால் டன் ஏற்றும் டாடா ஏஸில், அதாவது நம் ஊர் குட்டி யானையில், இதை ஏற்றவே கூடாது. மஹிந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா ஆகியவை ஒரு டன்னோ அதற்கு மேலோ தாங்கும். ஒரே பெயரில் பல எடை வகைகள் உண்டு. பொலேரோ பிக்கப்பிலேயே 1.3 டன்னும் இருக்கிறது, 1.7 டன்னும் இருக்கிறது. விற்பவர் வாயால் சொல்லும் டன்னை நம்பாதீர்கள். ஆர்.சி.யில் மொத்த எடை, காலி எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். மொத்த எடை 2,900, காலி எடை 1,650 என்றால் மீதி 1,250 கிலோ. நீங்களும் உங்களோடு உட்காருபவரும் அதற்குள்தான் அடக்கம்.

அதைத் தாண்டி ஏற்றிப் பிடிபட்டால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. இது 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் உள்ள தொகை.

மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் பெர்மிட் எடுக்க வேண்டும், புதுப்பிக்க வேண்டும், பெயர் மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். வீட்டு உபயோகத்துக்கும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்றால் 3,000-க்குள் நிற்பது நல்லது என்பது என் கருத்து.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தினசரி ஓட்ட நினைப்பவர்கள் மஞ்சள் போர்டின், அதாவது வணிக வண்டிப் பதிவின், செலவையும் பார்க்க வேண்டும். 7,500 கிலோ வரையிலான பொதுச் சரக்கு வண்டிக்கு 2022-ல் நிர்ணயித்த மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம் மட்டுமே 16,049 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அதே பட்டியலில் 1,500 சி.சி.க்கு மேற்பட்ட சொந்தக் காருக்கு 7,897 ரூபாய்தான். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதன் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. எடுக்க வேண்டும். இசுசு வி-கிராஸ், ஸ்கார்பியோ கெட்அவே மாதிரி வெள்ளைப் போர்டில் வரும் பிக்கப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெள்ளைப் போர்டை வைத்துக்கொண்டு வாடகைக்கு லோடு அடிக்கக் கூடாது. சொந்தத் தோட்டத்துச் சரக்கு மட்டும்தான் என்றால் அவற்றையும் யோசித்துப் பாருங்கள். விலை எங்களுக்கு எட்டவில்லை.

ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை எத்தனை என்றும் பாருங்கள். டிரைவரைத் தவிர ஒருவர் என்று போட்டிருந்தால் வீட்டில் மூன்று பேர் சேர்ந்து போக முடியாது. பின்னால் ஆள் ஏற்றிக் கோயிலுக்குப் போகும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. சட்டப்படி அது தவறு. விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும், இழப்பீடு உங்கள் தலையில் விழும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரனாகச் சொல்கிறேன், ஒரு தடவைகூட வேண்டாம்.

வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் கோத்து இழுக்கும் எண்ணம் இருந்தால், டிரெய்லரும் சட்டப்படி ஒரு தனி வாகனம். அதற்கும் பதிவு வேண்டும்.

2. வண்டியைப் பார்க்கப் போகும் முன் நம்பரைப் பாருங்கள்

விற்பவரிடம் போனில் கேட்க வேண்டிய முதல் விஷயம் வண்டி நம்பர். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

நம்பர் கிடைத்ததும் எம்-பரிவாகன் செயலியிலோ பரிவாகன் தளத்திலோ போட்டுப் பாருங்கள். உங்கள் செல் நம்பரைப் பதிவு செய்தால் போதும், செலவில்லை. ஓனர் பெயரின் சில எழுத்துகள், பதிவுத் தேதி, எஃப்.சி. முடியும் தேதி, இன்சூரன்ஸ் முடியும் தேதி, வரி கட்டிய தேதி, புகைச் சான்று, கடன் கொடுத்த நிறுவனம் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். ஓனர் பெயரில் தெரியும் எழுத்துகள் உங்களோடு பேசுபவரின் பெயரோடு ஒத்துப் போகிறதா? நான் இந்த ஒன்றைச் செய்திருந்தால் நான்கு மாதம் மிச்சம்.

அடுத்து இ-சலான் தளம். பழைய அபராதம் பாக்கி இருந்தால் பெயர் மாற்றமும் எஃப்.சி.யும் அதில் வந்து முட்டும். மச்சானுக்குத் தோஸ்த் தேடியபோது பிடித்துப்போன ஒரு வண்டிக்கு 14 சலான் நிலுவை இருந்தது, அதில் பாதி வேறு மாவட்டத்தில் போட்டது. விற்பவருக்கே அது தெரியாது. அவரே கட்டி முடித்து ரசீது காட்டிய பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டோம்.

திருட்டு வண்டியா என்று பார்க்கத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளம் இருக்கிறது. சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நம்பரும் எஞ்சின் நம்பரும் அதற்கு வேண்டும். ஆர்.சி.யைக் கையில் பார்த்த பிறகு இதைச் செய்யலாம்.

எஃப்.சி. முடியும் தேதியைத் தனியாகக் குறித்து வையுங்கள். இரண்டு மாதத்துக்குள் முடிகிறது என்றால் அந்தச் செலவு யாருடையது என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். எஃப்.சி.க்குக் கொண்டு போக வண்டிக்கு பெயின்ட், ஒளிரும் ஸ்டிக்கர், லைட், பிரேக், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் சரியாக இருக்க வேண்டும். எனக்கு டிங்கரிங், பெயின்ட் சேர்த்து 27,000 ஆயிற்று. வண்டிக்கு வயது ஏற ஏற அரசுக் கட்டணமும் ஏறும்.

வெளி மாநில நம்பர் விலை மலிவாகக் கிடைக்கும். டெல்லியில் பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்தும் வண்டிகள் வருகின்றன. அவற்றுக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28 வேண்டும். அப்புறம் இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்து, புது நம்பர் வாங்க வேண்டும். மலிவாகக் கிடைத்த தொகை அதிலேயே போய்விடும். முதல் முறை வாங்குபவர்கள் டி.என். நம்பரோடு நின்றுகொள்ளுங்கள்.

3. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் பாருங்கள்

சந்தையில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஓனர் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரையும் தேதியையும் காலியாக விட்டுக் கொடுத்துவிடுவார். அந்தக் கட்டு புரோக்கர் கைக்குப் போகும், அங்கிருந்து இன்னொருவர் கைக்குப் போகும். வண்டி மூன்று கை மாறியிருக்கும், ஆர்.சி.யில் முதல் பெயரே இருக்கும். எனக்குக் கொடுத்ததும் இப்படி ஒரு கட்டுதான். தாள் மடிப்பில் பழுப்பேறி, ஸ்டேப்ளர் முள் துருப்பிடித்து, துரு தாளிலும் இறங்கியிருந்தது. பார்த்த உடனேயே எத்தனை வருடத்துத் தாள் இது என்று கேட்டிருக்க வேண்டும். "எல்லாம் ரெடியா இருக்குங்க, நீங்க கொண்டு போய்க் கொடுத்தா ஒரு வாரத்துல பேர் மாறிடும்" என்றார் விற்றவர். நானும் தலையாட்டினேன்.

கையெழுத்து இருந்தாலும் வேலை நடக்காது. ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது, பதிவில் உள்ள ஓனரின் செல்லுக்கு ஓ.டி.பி. போகும். அவர் நம்பர் மாற்றியிருந்தால், வெளிநாடு போயிருந்தால், உங்களோடு பேச மறுத்தால் அங்கேயே நின்றுவிடும். எங்கள் வண்டியின் முதல் ஓனர் திருப்பூரில் வேறு வேலைக்குப் போயிருந்தார், பழைய நம்பர் இல்லை. அவரைத் தேடிக் கண்டுபிடிக்க ஐந்து வாரம். அவர் நல்ல மனிதர், விஷயத்தைச் சொன்னதும் உடனே வந்து ஆதார் காட்டி நம்பரை மாற்றிக் கொடுத்தார். எல்லாருக்கும் அப்படி அமையாது.

ஆகவே பேரம் தொடங்கும் முன், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் அசல் ஆர்.சி.யோடும் ஆதாரோடும் உங்கள் முன்னால் உட்கார வேண்டும். படிவத்தை உங்கள் கண் முன் நிரப்பி, உங்கள் பெயரை எழுதிய பிறகு அவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தயங்கினால் ஒன்றைச் சொல்லுங்கள். விபத்து நடந்தால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெயர் சீக்கிரம் மாறுவது விற்பவருக்குத்தான் முதல் பாதுகாப்பு. இதைக் கேட்ட பிறகு மச்சானுக்கு விற்றவர் தானே ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை வந்தார்.

ஓனர் இறந்துவிட்டார் என்றால், வாரிசுச் சான்று வாங்கி, படிவம் 31 மூலம் முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வேறு வண்டி பாருங்கள்.

4. கடன் கொடுத்தவர் பெயரை முதலில் நீக்கச் சொல்லுங்கள்

லோடு வண்டி பெரும்பாலும் டியூ போட்டு வாங்கியதாகத்தான் இருக்கும். ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிறதென்றால், கடன் அடைந்துவிட்டது என்ற வாய்ச்சொல்லும் போதாது, கடைசித் தவணை ரசீதும் போதாது. கம்பெனியின் தடையில்லாச் சான்றும், அவர்கள் கையெழுத்தும் முத்திரையும் உள்ள படிவம் 35-ம் வேண்டும். அவற்றை ஆர்.டி.ஓ.வில் கொடுத்து எச்.பி.யை, அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை, ரத்து செய்தால்தான் பெயர் நீங்கும்.

அந்தச் சான்றுக்குப் பெரும்பாலும் கெடு தேதி உண்டு. தேதி தாண்டிய சான்றைக் கவுண்டரில் வாங்க மாட்டார்கள். என் வண்டிக்குக் கடன் கொடுத்த கம்பெனியின் கிளை மூடப்பட்டிருந்தது. தலைமை ஆபீசுக்குக் கடிதம், ஈமெயில், முதல் ஓனரின் கையெழுத்து, ஆதார் நகல் எல்லாம் அனுப்பி, சான்று வர ஏழு வாரம் ஆயிற்று.

கடன் இன்னும் பாக்கி இருக்கிறது, நீங்கள் கொடுக்கும் பணத்தில் அடைத்துவிடுகிறேன் என்று விற்பவர் சொல்லலாம். அது தவறில்லை, நியாயமாகவே நடக்கும் விஷயம். ஆனால் பணத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். இருவரும் சேர்ந்து பைனான்ஸ் ஆபீசுக்குப் போய், முழுத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, அந்தக் கடன் கணக்கிலேயே நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். மீதியைச் சான்று வந்து எச்.பி. ரத்தான பிறகு கொடுங்கள்.

5. வண்டியைப் பார்க்கும் நாள்

காலையில் போங்கள், எஞ்சின் சூடாவதற்கு முன். வருவதை முன்கூட்டிச் சொன்னாலும், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சுடுகிறதென்றால் ஸ்டார்டிங் தொல்லையை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பிப் பாருங்கள். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எஞ்சின் விளக்கு எரியவே இல்லை என்றால் அதைக் கழற்றிவிட்டிருக்கலாம்.

புகையைப் பாருங்கள். குளிரில் லேசான வெள்ளைப் புகை வந்து ஒரு நிமிடத்தில் நிற்பது சகஜம். நிற்காமல் வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் கறும்புகை கக்கினால் இன்ஜெக்டர், டர்போ, ஏர் ஃபில்டர் இவற்றில் ஒன்று. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் தலைகீழாக வைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் சரி. குபுகுபுவென்று புகை வந்து மூடி துள்ளி விழுந்தால் ரிங், பிஸ்டன் தேய்ந்திருக்கிறது, எஞ்சின் வேலை காத்திருக்கிறது.

எஞ்சினைவிட நான் முக்கியமாகச் சொல்வது சேஸ். இந்த வண்டி இத்தனை நாள் என்ன லோடு அடித்தது என்று கேளுங்கள். மீன் லோடு ஓடிய வண்டியில் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பாடியின் இடுக்கு வழியாக இறங்கிச் சேஸை அரித்திருக்கும். உரமும் கோழி எருவும் அதே வேலையைச் செய்யும். மேலே புதுப் பெயின்ட் பளபளக்கும். பழைய சாக்கு ஒன்றை விரித்து அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் சேஸைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் பொத்தென்று கேட்கும். பின் ஸ்பிரிங் பட்டைகள் சேஸோடு சேரும் இடத்தில் வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு எதுவும் பார்க்க வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாகப் பட்டை போட்டிருந்தால் ஓவர்லோடு அடித்த வண்டி. வெறும் வண்டியாக ஓட்டும்போது அது குலுக்கும் குலுக்கலில் பின்னாலிருக்கும் மல்லிகைப் பூவும் நோகும், உள்ளே இருக்கும் உங்கள் முதுகும் நோகும்.

டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வயதானால் வெடிக்கும். ஆறு வருடம் தாண்டிய டயர் என்றால் ஐந்து டயரின் விலையையும் பேரத்தில் கழியுங்கள்.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். 60,000 காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் கணக்கு உதைக்கிறது. கம்பெனி சர்வீஸ் செய்த வண்டி என்றால் சர்வீஸ் விவரத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது மேடு ஒன்றில் ஏற்றிப் பாருங்கள், முடிந்தால் அரை லோடோடு. எங்கள் பக்கம் திம்பம் மலை இருக்கிறது, 27 கொண்டை ஊசி வளைவு. நாலு வளைவு ஏறினாலே கிளட்ச் நழுவுகிறதா, டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா, இரண்டாவது கியர் தானாக வெளியே வருகிறதா என்று தெரிந்துவிடும். உங்கள் ஊரில் மலை இல்லையென்றால் மேம்பாலம் போதும். இறங்கும்போது பிரேக்கையும் பாருங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான, பி.எஸ். 6 என்ற புகை விதிப்படி வந்த வண்டி என்றால் இன்னொன்று கவனிக்க வேண்டும். பல மாடல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். இருக்கும். வீட்டுக்கும் பள்ளிக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓட்டினால் சூடு ஏறாமல் அது அடைத்துக்கொள்ளும், மாற்றுவது பெரிய செலவு. தினமும் நீண்ட தூரம் ஓடாதவர்களுக்கு, நல்ல நிலையில் உள்ள பி.எஸ். 4 வண்டி பராமரிக்கச் சுலபம் என்பது என் அனுபவம். எங்கள் வண்டி 2017 பி.எஸ். 4. லோடில் லிட்டருக்கு 11, காலியில் 14 கொடுக்கிறது.

உங்களோடு ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக் வேண்டாம். அரை நாள் கூலியும் சாப்பாடும் கொடுத்தால் வருவார்கள்.

6. பேரம், முன்பணம், கடன்

டோக்கன் அட்வான்ஸ் என்று 5,000 போதும். 50,000 கேட்டால் கொடுக்காதீர்கள். எந்தத் தொகையாக இருந்தாலும் வங்கி வழியாகவே, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே அனுப்புங்கள்.

முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதும்போது வண்டி நம்பர், சேஸ் நம்பர், எஞ்சின் நம்பர், விலை, கொடுத்தது, மீதி, மீதியை எப்போது கொடுப்பது எல்லாம் வர வேண்டும். வண்டியைக் கையில் வாங்கும்போது டெலிவரி நோட் தனியாக எழுதுங்கள். அதில் தேதியோடு மணியும் நிமிடமும் போடுங்கள். அதற்கு முன் நடந்த வழக்கு, அபராதம், வரி பாக்கி விற்றவருடையது, அதற்குப் பின் உங்களுடையது என்று இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும்.

மொத்தத்தில் ஒரு பங்கை, நான் சொல்வது 50,000 ரூபாயாவது, பெயர் மாறும் வரை நிறுத்தி வையுங்கள். மச்சான் விஷயத்தில் இதை முதல் நாளே சொன்னோம், விற்றவர் ஒத்துக்கொண்டார். அந்த வண்டிக்கு 23 நாளில் பெயர் மாறியது.

கடன் வாங்குபவர்கள் ஃபிளாட் வட்டி, அதாவது முதல் அசலுக்கே கடைசி வரை போடும் வட்டி, என்ற வார்த்தையைக் கேட்டால் பேனாவை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 3,00,000 ரூபாய், மூன்று வருடம், 10 சதவீதம் ஃபிளாட் என்றால் வட்டி 90,000, மாதத் தவணை 10,833. குறைந்து வரும் அசலுக்குக் கணக்கிட்டால் அது கிட்டத்தட்ட 18 சதவீதம். வங்கிக்காரர் 14 என்று சொல்லும்போது பைனான்ஸ்காரர் 10 என்று சொல்வதாகத் தோன்றும், உண்மையில் வங்கிதான் மலிவு.

7. பெயர் மாற்றம்

கொண்டு போக வேண்டியவை: அசல் ஆர்.சி., படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், எஃப்.சி., வரி ரசீது, புகைச் சான்று, இருவரின் ஆதார், பான், போட்டோ. எச்.பி. இருந்தால் படிவம் 35-ம் கம்பெனியின் சான்றும். நீங்கள் கடனில் வாங்கினால் புது எச்.பி.க்குப் படிவம் 34. வண்டி வேறு ஆர்.டி.ஓ. எல்லையில் பதிவானது என்றால் படிவம் 28 வேண்டுமா என்று முன்கூட்டியே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

சேஸ் நம்பரைப் பென்சில் பிரதி எடுத்துக் கேட்பார்கள். இதை நீங்களே செய்யலாம். சேஸில் நம்பர் பொறித்த இடத்தை டீசல் நனைத்த துணியால் துடைத்து, காய விட்டு, மெல்லிய வெள்ளைத்தாளை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். நான் சேற்றைச் சரியாகத் துடைக்காமல் எடுத்ததில் 8 ஒன்று 3 போல் விழுந்தது. ஆர்.சி.யோடு ஒத்துப் போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், ஒரு நாள் போயிற்று. மூன்று பிரதி எடுத்து, ஒவ்வோர் எழுத்தையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்ட பிறகு கிளம்புங்கள்.

விற்றவர் 14 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அரசுக் கட்டணம் பெரிய தொகை இல்லை, ஆன்லைனில் கட்டி ரசீது எடுத்துவிடலாம். ஏஜென்ட் வைத்தால், அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். விண்ணப்பத்தில் கொடுக்கும் செல் நம்பர் ஏஜென்ட்டுடையதாக இருக்கக் கூடாது. நாளைக்கு நீங்கள் விற்கும்போது ஓ.டி.பி. அவருக்குப் போகும்.

8. இன்சூரன்ஸும் ஃபாஸ்டாகும்

வண்டி கை மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு வரும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு, பாலிசி உங்கள் பெயரில் இல்லாமல் கேட்டால் மறுத்துவிடுவார்கள். விற்றவரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், ஆகவே மாற்றும்போது வித்தியாசத் தொகை கட்டச் சொல்வார்கள். எனக்கு அது தெரியாமல், ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துச் சண்டை போட்டேன்.

விற்றவர் தன் ஃபாஸ்டாக் கணக்கை மூடினால்தான் உங்களுக்குப் புதிது கிடைக்கும், ஒரு வண்டிக்கு ஒன்றுதான். டெலிவரி எடுக்கும் அன்றே அவர் போனில் மூடச் சொல்லிவிடுங்கள்.

9. முதல் மாதம்

பழைய ஓனர் என்ன செய்தார் என்று ஆராயாமல் எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், கியர் ஆயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிரேக், வீல் பேரிங், பேட்டரி ஆகியவற்றையும் அன்றே பார்த்துவிடலாம். இதற்கென்று 30,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். கையிலிருப்பதையெல்லாம் விலைக்கே கொடுத்துவிட்டு வராதீர்கள்.

முதல் இரண்டு வாரம் பாதி லோடுக்கு மேல் ஏற்றாதீர்கள். தினமும் காலையில் வண்டியை நகர்த்தியதும் நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். கறுப்பாகச் சொட்டியிருந்தால் ஆயில், பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்தால் கூலன்ட், மூக்கில் காட்டினால் தெரியும் டீசல். எங்கள் வண்டியில் எட்டாவது நாள் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பச்சைச் சொட்டு தெரிந்தது. ரேடியேட்டர் ஓஸ் கிளிப் தளர்ந்திருந்தது. அன்றே மாற்றியதால் மறுநாள் வாழைத்தாரோடு கோபி ரோட்டில் நிற்காமல் தப்பித்தோம்.